ஸ்பின் ஏறவில்லையா? புது ரப்பர் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டி.டி (டேபிள் டென்னிஸ்) ஆடுகிறவர்களிடம் அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு: "பால்ல ஸ்பின்னே ஏற மாட்டேங்குது." உடனே அடுத்த கேள்வி, "எந்த ரப்பர் வாங்கலாம்?" இந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பேட்டின் மரத்தில் ஒட்டுகிற நல்ல ரப்பர் ஒரு பக்கத்துக்கே சில ஆயிரம் ஆகும், படிக்கிற பிள்ளைகளுக்கு அது சின்னப் பணம் இல்லை, அதனால் கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்டு அப்புறம் பணத்தை எடுப்பதுதான் சரி.

அடிப்படை இதுதான். பேட்டும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மில்லி நொடி. அதற்குள் ரப்பர் பந்தைப் பிடிக்க வேண்டும், பிடித்த அந்தக் கணத்தில் பேட் பந்தை உரசிக்கொண்டு வேகமாகப் போக வேண்டும். பிடிப்பு, வேகம், இரண்டில் எது குறைந்தாலும் ஸ்பின் குறையும். கீழே இருக்கிற ஒவ்வொரு அறிகுறியிலும் நாம் தேடுவது இதில் எது குறைகிறது என்பதைத்தான். தேடும் வரிசையும் முக்கியம்: முதலில் பந்து, அப்புறம் டேபிள், அப்புறம் ரப்பரின் மேல்பரப்பு, அப்புறம் உங்கள் கை, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பிளேடு, அதாவது ரப்பர் ஒட்டுகிற மரப்பகுதி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கார்பன் பிளேடில் ஆரம்பிக்கிறார்கள்.

ஹாலில் எல்லாருக்கும் ஒரே நாளில் ஸ்பின் போய்விட்டது

அப்படியென்றால் உங்கள் பேட்டைத் தொடவே வேண்டாம், பந்தை எடுத்துப் பாருங்கள். புதுப் பெட்டி பிரித்த பந்துகளில் மெல்லிய வெள்ளைத் தூள் இருக்கும். அது ரப்பரில் ஏறினால் அன்றைக்கு முழுக்க வழுக்கும். ஈரத் துணியில் உருட்டித் துடைத்து, காயவிட்டு ஆடுங்கள். ரொம்ப நாள் அடிபட்ட பயிற்சிப் பந்துக்கு வேறு பிரச்சினை, மேல்பரப்பின் சொரசொரப்பு தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். புதுப் பந்து ஒன்றையும் பழையது ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு விரலில் உருட்டினாலே வித்தியாசம் தெரியும். அப்படியே டேபிள் மேல் பந்தை விரலால் சுழற்றி விட்டுப் பாருங்கள், ஒரே இடத்தில் நின்று சுற்றினால் நல்ல பந்து, தள்ளாடினால் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது தூசி. நம் ஊர் ஹால்கள் பாதி சாலையோரமாக இருக்கின்றன, ஜன்னலை மூடினால் வேகும், திறந்தால் மண் வரும். பந்து தரையில் உருண்டு சுவரோரம் போய்த் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் தூசியை எடுத்து வந்து உங்கள் ரப்பரில் பூசுகிறது. ஆட ஆரம்பிக்கும் முன் தரையை ஈரத் துடைப்பமும் டேபிளை ஈரத் துணியும் கொண்டு ஒரு தடவை துடைத்தால் போதும், எல்லாருடைய லூப்பும் (பந்து முன்னோக்கிச் சுழலும்படி உரசி அடிக்கும் ஷாட்) அன்று கொஞ்சம் கூடுதலாக வளையும். டேபிளில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் கட் சர்வீஸ் (பந்து பின்னோக்கிச் சுழலும்படி போடுவது) விழுந்த இடத்தில் பிடிக்காமல் வழுக்கி நீளமாகப் போகும். சந்தேகம் இருந்தால் அதே பந்து, அதே சர்வீஸ், இரண்டு டேபிளில் போட்டுப் பாருங்கள்.

சீலிங் ஃபேனையும் ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். பந்தின் எடை வெறும் 2.7 கிராம், காற்றில் ஒதுங்கும் பந்தைச் சைடு ஸ்பின் (பக்கவாட்டுச் சுழற்சி) என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

எனக்கு மட்டும் பந்து வழுக்குகிறது

இப்போது ரப்பர். சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு ஹாலில் பத்தாவது படிக்கிற பையன் ஒருவன் பேட்டை நீட்டி, "அண்ணா, பால் ஏறவே மாட்டேங்குது, ரப்பர் மாத்தணுமாண்ணா?" என்று கேட்டான். பேட்டைக் கையில் வாங்கி டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் விஷயம் தெரிந்தது. ஓரமெல்லாம் கருகருவென்று பளபளப்பாக இருந்தது, நடுவில் மட்டும் ஒரு கோழிமுட்டை அளவுக்குச் சாம்பல் பூத்த வட்டம். கட்டைவிரலை ஓரத்தில் வைத்து மெல்ல அழுத்தி இழுத்தபோது தோல் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு கீச்சென்றது. அதே விரல் நடு வட்டத்துக்கு வந்ததும் சத்தமே இல்லாமல் நழுவிப் போனது.

இந்த விரல் சோதனையைத் துடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, துடைத்த பிறகு ஒரு தடவை என்று இரண்டு முறை செய்ய வேண்டும். சுத்தமான ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ரப்பரை ஒரே திசையில் துடையுங்கள், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். நிழலில் காயவிட்டு மறுபடி விரலை இழுத்துப் பாருங்கள். நடுவும் ஓரமும் ஒரே மாதிரி பிடித்தால் பிரச்சினை தூசிதான், ரப்பருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. துடைத்த பிறகும் நடுவில் நழுவினால் மேல்தோல் தேய்ந்துவிட்டது, எதைப் போட்டுத் தேய்த்தாலும் திரும்ப வராது. அந்தப் பையனுடைய ரப்பர் பாதிக்குப் பாதி, ஸ்பாஞ்ச் கறுப்பாக வந்தது, பிடிப்பும் ஓரளவு திரும்பியது, மாற்றாமல் இன்னும் சில வாரம் ஓட்டலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

வாரத்தில் நான்கைந்து நாள் ஆடுகிறவர்களுக்கு ஒரு ரப்பர் நான்கிலிருந்து ஆறு மாதம் நல்ல பிடிப்போடு இருந்தாலே கணக்கு சரி. அதற்கு மேல் ஆடலாம், ஆனால் ஸ்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் உங்களுக்கே தெரியாமல் கை அதற்கேற்ப ஸ்ட்ரோக்கை மாற்றிக்கொண்டே போகும். அதனால்தான் புது ரப்பர் ஒட்டிய முதல் நாள் எல்லாப் பந்தும் வெளியே போகிறது.

செய்யக் கூடாதவை சில. சோப்பு, சானிடைசர், ஸ்பிரிட் இதெல்லாம் ரப்பரைக் காயவைத்துக் கெடுக்கும். ஒவ்வொரு பாயின்டுக்கும் உள்ளங்கையால் பேட்டைத் துடைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, வியர்வையும் தலையில் தடவிய தேங்காய் எண்ணெயும் அந்தக் கை வழியாக நேராக ரப்பருக்குத்தான் போகின்றன. வாயால் ஊதி ஈரமாக்கிச் சின்னப் பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பது மேல். ஆடி முடித்ததும் துடைத்துக் காயவைத்து, மேலே பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டி, அப்புறம் உறையில் போடுங்கள். தூசியோடு ஃபிலிம் ஒட்டினால் தூசியைப் பத்திரப்படுத்துகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

ஒன்று விட்டுப்போச்சு. விளையாட்டுச் சாமான் கடையில் உறையோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ரெடிமேட் பேட் பலவற்றில் ரப்பர் பிறக்கும்போதே பிடிப்பில்லாமல்தான் பிறக்கிறது. விரல் சோதனையில் ஓரமும் நழுவும். அந்த பேட்டில் ஸ்பின் கற்றுக்கொள்ள முயன்றால் தப்பான ஸ்ட்ரோக் கையில் ஊறிவிடும், அதை முதலில் மாற்றுங்கள். இந்தக் கட்டுரையில் தயங்காமல் செலவு செய்யச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

ரப்பர் புதுசு, விரலில் ஒட்டுகிறது, ஆனாலும் பந்து செத்துப்போய் நெட்டில் விழுகிறது

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பெரும்பாலும் கையில் இருப்பது ஹரிக்கேன் 3 மாதிரி ஒட்டும் தன்மையுள்ள சீன ரப்பராக இருக்கும். பந்தை ரப்பரில் அழுத்தித் தலைகீழாகப் பிடித்தால் ஒரு கணம் தொங்கக்கூட செய்யும், அதைப் பார்த்தே பலர் வாங்குகிறார்கள். ஆனால் அந்த ரப்பருக்குக் கீழே இருக்கும் ஸ்பாஞ்ச் கெட்டி. மேல்தோல் எவ்வளவு ஒட்டினாலும் பந்து ஸ்பாஞ்சுக்குள் அமுங்கினால்தான் அது முழுசாகப் பிடித்துச் சுழற்றும். கெட்டி ஸ்பாஞ்சை அமுக்க வேகமான ஸ்விங் வேண்டும், கால், இடுப்பு, முன்கை மூன்றும் சேர்ந்து வர வேண்டும். மெதுவான கையில் அந்த ரப்பர் மரப்பலகை.

காதால் கண்டுபிடிக்கலாம். கூர்மையாக "டக்" என்று மரச்சத்தம் வந்தால் பந்தை நேராக அடிக்கிறீர்கள், உரசல் இல்லை. சத்தமே இல்லாமல் சொறிந்த மாதிரி வந்தால் தோலை மட்டும் தொட்டு உரசுகிறீர்கள், ஸ்பாஞ்ச் வேலை செய்யவில்லை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தடித்த, அமுங்கிய ஒரு சத்தம் உண்டு. ஹாலில் நன்றாக லூப் போடுகிறவர் யாராவது இருந்தால் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் கேளுங்கள், காது பழகிவிடும், அப்புறம் உங்கள் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து ஒப்பிடுங்கள்.

பழைய கோச்சுகள் "மெல்லிசா உரசு, தோலை மட்டும் தொடு" என்று சொல்லிக்கொடுத்தது அந்தக் காலத்துப் பந்துக்குச் சரி. 2000 வரை பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டர், அப்புறம் 40 ஆனது. 2014 முதல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது, பெட்டியில் 40+ என்று போட்டிருப்பது அதுதான். பந்து பெரிதாகப் பெரிதாக, தோல் மாறமாற, அதே உரசலுக்கு ஏறும் ஸ்பின் குறைந்தது. அந்த நாளில் மெல்லிய உரசலே போதுமாக இருந்த இடத்தில் இன்றைக்குப் பந்தை முதலில் ஸ்பாஞ்சுக்குள் கொஞ்சம் அமுக்கி, அப்புறம் மேலும் முன்னுமாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி மட்டுமே உரசிப் பழகியவர்கள் ஸ்ட்ரோக்கை முன்பக்கமாகச் சற்றுச் சாய்த்தாலே பாதிக் கோளாறு தீரும்.

கை இறுக்கம் அடுத்த காரணம், என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். பேட்டை இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசை பூட்டிக்கொள்கிறது, கடைசி நொடியில் வேகம் எடுக்க முடிவதில்லை. ஆடத் தயாராக நில்லுங்கள், நண்பரை விட்டு பேட்டை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். லேசான இழுப்புக்கே கையை விட்டு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அங்கே இருக்கிறது உங்கள் ஸ்பின். பந்தைத் தொடும் அந்த ஒரு கணத்தில் மட்டும் பிடி இறுகினால் போதும், முன்னும் பின்னும் தளர்வு.

இந்திய ஆட்டக்காரர் சரத் கமலின் ஃபோர்ஹேண்ட் லூப்பை வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், கையைப் பார்க்காமல் வலது காலையும் இடுப்பையும் பாருங்கள். எடை வலது காலில் இறங்கி, இடுப்பு திரும்பி, தோள் வந்து, அதற்கப்புறம்தான் முன்கை வருகிறது. நம் பிள்ளைகள் முன்கையில் ஆரம்பித்து முன்கையிலேயே முடிக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்து பார்த்தும் கெட்டி ஸ்பாஞ்ச் ஒத்துவரவில்லை என்றால் நடுத்தர மென்மையுள்ள ரப்பருக்குப் போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: சீன ரப்பரில் போட்டிருக்கும் டிகிரி எண்ணும் ஐரோப்பிய ரப்பரில் போட்டிருக்கும் டிகிரி எண்ணும் வேறு வேறு அளவுகோல். சீன ரப்பரில் 39 என்று பார்த்து, ஐரோப்பிய 47-ஐவிட மென்மை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், நிஜத்தில் அந்த 39 தான் கெட்டி.

கட் பந்தைத் தூக்கினால் நெட்டில், பிளாக் ஆகி வரும் பந்தை லூப் போட்டால் வெளியே

இது உபகரணக் கோளாறே இல்லை, பேட்டின் சாய்வு. கட் பந்து உங்கள் ரப்பரில் பட்டதும் கீழே இறங்கப் பார்க்கும், அதனால் பேட்டைக் கொஞ்சம் திறந்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பந்தின் பின்பக்கத்தை மேல்நோக்கி இழுக்க வேண்டும். முன்னோக்கிச் சுழன்று வரும் டாப் ஸ்பின் பந்து மேலே குதிக்கப் பார்க்கும், அதற்கு பேட்டை மூடி, பந்தின் மேல்பாதியைத் தொட்டு முன்னால் போக வேண்டும். முதல் லூப் போட்ட அதே சாய்வில் இரண்டாவதையும் போடுவதுதான் பலர் செய்வது. யாரையாவது ஒரு புஷ் (கட்டாகத் தள்ளுவது), ஒரு பிளாக் (பேட்டை வைத்துத் தடுத்து விடுவது) என்று தொடர்ந்து மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லிப் பழகுங்கள்.

இன்னொன்று, கட் பந்தை விழ விழ அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பந்து டேபிள் மட்டத்துக்கு இறங்கிய பிறகு தூக்குவது தெரிந்தவர்களுக்கு. ஆரம்பத்தில் உச்சியிலோ அதிலிருந்து சற்று இறங்கும்போதோ தொடுங்கள்.

என் சர்வீஸில் கட்டே இல்லை, எதிராளி சும்மா தட்டிவிடுகிறார்

சர்வீஸைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும், ஏனென்றால் ஆட்டத்திலேயே யாருடைய தயவும் இல்லாமல் முழுக்க உங்கள் கையில் இருக்கிற ஒரே பந்து அதுதான். பயிற்சிக்கும் ஆள் வேண்டாம், ஒரு டப்பா பந்தும் காலி டேபிளும் போதும்.

முதலில் உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். கறுப்பு மார்க்கரால் பந்தின் பாதியைத் தீட்டிக் காயவிடுங்கள். சர்வீஸ் போட்டு ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகத் தெரிந்தால் ஸ்பின் இருக்கிறது, கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாக மெதுவாகப் புரண்டால் இல்லை. எந்தப் பக்கம் புரள்கிறது என்பதும் தெரிந்துவிடும், கட் என்று நினைத்துப் போட்டது வெறும் சைடு ஸ்பின்னாகப் போகிறதா என்று இதில்தான் பிடிபடும்.

அடுத்த சோதனை எல்லாருக்கும் பிடிக்கும். எதிரில் ஆளில்லாமல் கட் சர்வீஸை மெதுவாக, கொஞ்சம் உயரமாகவே போடுங்கள். எதிர்ப்பக்கம் விழுந்த பந்து இரண்டு மூன்று துள்ளலில் நின்று, உங்களை நோக்கி நெட்டுக்கே திரும்பி உருண்டால் கட் நல்ல கட். நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காமல் டேபிளைத் தாண்டி ஓடினால் கட் இல்லை. ஆட்டத்தில் இப்படி உயரமாகப் போடக் கூடாது, இது அளப்பதற்கு மட்டும்.

சரி, கட் வரவில்லை, ஏன்? பேட்டின் எந்த இடத்தில் பந்து படுகிறது என்று பாருங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டால் வேகம் இருக்காது. மணிக்கட்டு மையமாகச் சுழலும்போது மிக வேகமாகப் போவது பேட்டின் நுனிப்பகுதிதான், பந்து அங்கே பட வேண்டும். ரப்பரில் லேசாகச் சாக்பீஸ் தூள் தூவி நான்கைந்து சர்வீஸ் போட்டால் எங்கே படுகிறது என்று தடம் காட்டிவிடும், அப்புறம் மறக்காமல் துடைத்துவிடுங்கள்.

பிடியை மாற்றுங்கள். லூப்புக்குப் பிடிக்கிற மாதிரியே சர்வீஸுக்கும் பிடித்தால் மணிக்கட்டு திரும்பாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பேட்டைக் கிள்ளிப் பிடித்திருக்க, மற்ற மூன்று விரல்களையும் கைப்பிடியிலிருந்து எடுத்து மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மணிக்கட்டை ஆட்டிப் பாருங்கள், எவ்வளவு கூடுதலாகப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பந்தைத் தொடும் உயரமும் உண்டு. பந்தைக் குறைந்தது 16 சென்டிமீட்டர் மேலே வீச வேண்டும் என்பது விதி, திறந்த உள்ளங்கையில் இருந்து, ஏறக்குறைய நேர் மேலாக. வீசிய பந்து இறங்கி நெட் உயரத்துக்கு வரும்வரை காத்திருந்து, கிட்டத்தட்ட அடிப்பக்கத்தில் பேட்டைச் சறுக்குங்கள். பந்தின் பின்பக்கத்தில் பட்டால் சக்தியெல்லாம் முன்னோக்கிப் போவதில் செலவாகிவிடும். அவசரமாக மேலேயே அடிக்கிறவர்களின் சர்வீஸ் உயரமாகத் துள்ளிப் போகும், கட்டும் இருக்காது, எதிராளிக்கு விருந்து.

கட் வந்த பிறகு அதே கையசைவில் கட் இல்லாத சர்வீஸையும் பழகுங்கள், கைப்பிடிக்குப் பக்கத்தில் பந்து படுமாறு விட்டாலே ஸ்பின் காணாமல் போகும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். எதிராளி கட் என்று நம்பித் தூக்குவார், பந்து மேலே கிளம்பும்.

அடுத்தவர் ஸ்பின் என் பேட்டில் பட்டதும் எங்கெங்கோ போகிறது

இதுவும் ஸ்பின் கோளாறுதான், மறுபக்கத்துக் கோளாறு. பந்தைப் பார்க்காமல், எதிராளியின் பேட் பந்தைத் தொடும் கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்று பாருங்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் கையை எப்படி ஆட்டினாலும் அது கண்கட்டு. அப்புறம் பந்தில் இருக்கும் அச்சு. எழுத்து தெளிவாகத் தெரிந்தால் ஸ்பின் குறைவு, மங்கலாக அழிந்து தெரிந்தால் நிறைய. டேபிளில் விழுந்த பிறகு பந்து தயங்கினால் கட், முன்னால் பாய்ந்தால் டாப்.

சைடு ஸ்பின் சர்வீஸுக்கு ஒரு எளிய வழி: எதிராளியின் பேட் எந்தப் பக்கத்தில் இருந்து புறப்பட்டதோ அந்தப் பக்கத்தைக் குறிவைத்துத் திருப்புங்கள். பந்து தானாக மறுபக்கம் ஒதுங்கும், இரண்டும் சேர்ந்து டேபிளுக்குள் வந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவரிடம் மட்டும் தலைகீழாக நடந்தால் அவர் பேட்டை வாங்கிப் பாருங்கள். மேட்ச் ஆரம்பிக்கும் முன் எதிராளியின் பேட்டைப் பார்க்க உங்களுக்கு விதிப்படி உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டாம். ஒரு பக்கம் நீளமான, மெல்லிய முட்கள் வெளியே தெரிந்தால் அது லாங் பிம்பிள்ஸ். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ராவின் பேக்ஹேண்டில் இருந்தது இதுதான். அந்த ரப்பர் பந்தைப் பிடிக்காது, உங்கள் ஸ்பின்னை அப்படியே வைத்துக்கொண்டு திருப்பி விடும். நீங்கள் பலமாக டாப் ஸ்பின் போட்டால் அவர் சும்மா பிளாக் செய்தாலும் கட்டாக வரும், நீங்கள் கட் செய்து தள்ளினால் ஸ்பின் இல்லாமலோ லேசான டாப்பாகவோ வரும். அவர் என்ன செய்தார் என்று பார்க்காதீர்கள், நீங்கள் கடைசியாக என்ன அனுப்பினீர்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதன் எதிர்ப்பதம்தான் வரப்போகிறது. எந்த நிறப் பக்கத்தில் பிம்பிள்ஸ் இருக்கிறது என்பதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பேட்டைக் கைக்குள் திருப்பித் திருப்பி ஆடுகிறவர்கள் உண்டு.

போன மாதம் நன்றாக இருந்தது, இப்போது இல்லை

பருவத்தைப் பாருங்கள். நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். மூடிய காரிலும் வண்டி டிக்கியிலும் இருக்கிற சூட்டைச் சொல்லவே வேண்டாம். அங்கே மத்தியானம் முழுக்கக் கிடந்த பேட்டின் ரப்பர் சீக்கிரம் காய்ந்து பிடிப்பை இழக்கும், பசை இளகி ஓரம் தூக்கும். பேட்டைக் கையோடு வகுப்புக்கோ அலுவலகத்துக்கோ எடுத்துப் போங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. காற்றில் ஈரம் கூடி, பந்தின் மேலும் ரப்பரின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் உட்காரும். நன்றாக லூப் போட்ட பந்து திடீரென்று வழுக்கி நேராகக் கீழே போகும். ஒட்டும் ரப்பருக்கு இது இன்னும் மோசம். காய்ந்த பருத்தித் துண்டு ஒன்று இடுப்பில் இருக்கட்டும், ஆறு பாயின்டுக்கு ஒரு தடவை துண்டு எடுக்க விதியே இடம் கொடுக்கிறது, அப்போது பேட்டையும் பந்தையும் ஒற்றி எடுங்கள். அந்த மாதிரி நாளில் மெல்லிய உரசலைக் குறைத்துப் பந்தைக் கொஞ்சம் தடிமனாகத் தொடுவதுதான் பாதுகாப்பு.

மார்கழி விடிகாலையில் ஆடுகிறவர்களுக்கு ஸ்பாஞ்ச் குளிர்ந்து இறுகியிருக்கும். பத்து நிமிடம் அடித்தால் சரியாகிவிடும், அதற்குள் ரப்பர் போச்சு என்று முடிவுகட்டாதீர்கள்.

பேட்டில் ஒரு இடத்தில் மட்டும் பந்து செத்து விழுகிறது

அது ரப்பருக்கும் பிளேடுக்கும் நடுவில் காற்று. பந்தை பேட் முழுக்க இடம் மாற்றி மாற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் சத்தம் மாறும் இடம் தெரியும். ரப்பரைக் கைப்பிடிப் பக்கத்தில் இருந்து மெதுவாக உரித்து, பழைய பசையை விரலால் உருட்டி எடுத்து, தண்ணீர் கலப்புப் பசையை ஸ்பாஞ்சிலும் மரத்திலும் மெல்லியதாகப் பூசுங்கள். வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடி போலத் தெளிந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். கைப்பிடியில் ஆரம்பித்து, பூரிக்கட்டையை உருட்டிக்கொண்டே நுனி வரை போங்கள், அழுத்த வேண்டாம், ரப்பரை இழுக்கவும் வேண்டாம்.

சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் தடவினால் ஸ்பின் கூடும் என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1970-களில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் ஆரம்பித்தார்கள், ஸ்பாஞ்ச் உப்பி இழுவிசை கூடி உண்மையிலேயே ஸ்பின் ஏறியது. ஆனால் அந்தப் பசையின் ஆவி மூச்சுக்குக் கெடுதல், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு அதைத் தடை செய்துவிட்டார்கள். மூடிய அறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

எல்லாம் பார்த்தாச்சு, ரப்பர்தான் செத்திருக்கிறது

அப்படியானால் வாங்குங்கள், இப்போது அது சரியான செலவு. காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பெரியமேடு பக்கத்திலேயே, விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் வாங்குவதானால் ரப்பரின் மேல்பரப்பில், கைப்பிடியை ஒட்டிய ஓரத்தில் ஐ.டி.டி.எஃப் (சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு) முத்திரை இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அது இல்லாத ரப்பரை டோர்னமென்டில் நிறுத்திவிடுவார்கள்.

இப்போதுதான் ஸ்பின் கற்றுக்கொள்கிறவர் என்றால் ஐந்து அடுக்கு முழு மரப் பிளேடு, 1.8 அல்லது 2 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச், யசாகா மார்க் வி மாதிரி ஆண்டாண்டாக நிற்கிற ஒரு ரப்பர், இது போதும். டெனர்ஜி, டிக்னிக்ஸ் எல்லாம் அருமையான ரப்பர்கள், ஆனால் வேகமான கார்பன் பிளேடில் அவற்றை ஒட்டினால் நீங்கள் உரசி முடிப்பதற்குள் பந்து கிளம்பிப் போய்விடும், சாய்வில் செய்கிற சின்னத் தவறைக்கூட அந்த பேட் பெரிதாக்கிக் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஃபோர்ஹேண்டை முதலில் மாற்றுங்கள், அங்கே கழற்றிய ரப்பரில் இன்னும் பிடிப்பு மிச்சமிருந்து, நிற விதியும் ஒத்துவந்தால், அதாவது ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சிவப்பு மாதிரி எடுப்பான வேறு நிறமாகவும் அமைந்தால், அதையே பேக்ஹேண்டில் ஒட்டி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.